ஞாயிற்றுக்கிழமை எண்ணிய சரக்கு

இசக்கிசெல்வியின் செல்போன் காலை ஒன்பது பத்துக்கு அதிர்ந்தது. அதே நிமிடம் குடோனில் இருந்த அத்தனை பேருடைய சட்டைப் பையிலும் அதே அதிர்வு. வேனில் எண்ணெய்ப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை.

கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது.

'நேற்று நடந்த ஸ்டாக் சரிபார்ப்பில் 43 ஐட்டங்கள் குறைவாக உள்ளன. குடோன் பொறுப்பாளர் இசக்கிசெல்வி எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மற்றவர்களும் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவும்.'

கீழே நீளமாக ஒரு பட்டியல். மேலே அனுப்பியவரின் பெயர், பேச்சிராஜ்.

பேச்சிராஜ் அவளுடைய புருஷன். அதே கம்பெனியில் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிப்பவன். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவன் தட்டில் நாலு இட்லி வைத்தவள் அவள்தான். ஐந்தாவது வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்டினான். மேலகரத்திலிருந்து ஒரே பைக்கில்தான் வந்தார்கள். வழியில் ஒரு லாரியைத் திட்டினான், மழை வரும் போலிருக்கிறது என்றான். இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குக் காதுமடல் சூடாகியது. ஆனால் வேன் நின்றுகொண்டிருந்தது. சீசன் நேரம். குற்றாலத்துக் கடைக்காரர்கள் பத்து மணிக்குள் சரக்கு வராவிட்டால் போனிலேயே தோலை உரித்துவிடுவார்கள்.

"என்ன, பெட்டி தானா ஏறுமா? ஏத்துங்க" என்றாள் லோடுமேன்களிடம். குரல் எப்போதும் போலத்தான் வந்தது. அதில் அவளுக்கே ஆச்சரியம்.

வேன் கேட்டைத் தாண்டிய பிறகுதான் மாடிப்படி ஏறினாள்.

பதினொரு வருஷமாக அந்தக் குடோனின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற சாலையில், முன்பு அரிசி ஆலையாக இருந்த கட்டடம். சோப்பு, எண்ணெய், பிஸ்கட், தேயிலை, துண்டு என்று ஆயிரத்து முந்நூறு வகைச் சரக்கு. அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள், ஆறு வேன்கள் ஓடுகின்றன. பி.காம். முடித்துவிட்டு எடுபிடியாகச் சேர்ந்தவள், எந்த அடுக்கில் எந்தப் பெட்டி எத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு வளர்ந்தாள். பேச்சிராஜைப் பார்த்ததும் இங்கேதான். பில்லில் ஒரு டஜன் கூடுதலாக அடித்துவிட்டான் என்று சண்டை போடப் போனவள் ஆறு மாதத்தில் அவனையே கட்டிக்கொண்டாள் என்று லோடுமேன்கள் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள்.

முதலாளி கணேசமூர்த்தி அண்ணாச்சியின் அறையில் பேச்சிராஜும் இருந்தான். அவள் உள்ளே வந்ததும் மேஜை மேலிருந்த காகிதத்தை ரொம்பக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தான்.

"வாம்மா, உக்காரு" என்றார் அண்ணாச்சி.

"நிக்கேன் அண்ணாச்சி. குரூப்ல ஒண்ணு பாத்தேன்."

"நான்தான் போடச் சொன்னேன். புது சிஸ்டம் போட்டு மூணு வாரம்தான் ஆகுது. முதல் சரிபார்ப்புலயே துண்டு மட்டும் எரநூத்திப் பன்னெண்டு டஜன் குறையுது. எண்ணெய் எம்பத்தாறு பெட்டி. நான் என்ன செய்ய, சொல்லு. உன்னையத் திருடின்னு சொல்லுவேனா? கவனக்குறைவுன்னு ஒரு கடிதாசி எழுதிக் குடு. கொஞ்ச நாளு பில்லிங் பக்கம் உக்காரு. பிறகு பாத்துக்கலாம்."

"கவனக்குறைவும் பொய்தான அண்ணாச்சி."

"அப்ப சரக்கு எங்கம்மா போச்சு? இதுவரைக்கும் நோட்டுல எழுதினோம், என்னமோ ஓடுச்சு. இது ஈ.ஆர்.பி. வாங்குனது வித்தது எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. அது இருக்கணும்னு சொல்லுது, ரேக்குல இல்ல. கம்ப்யூட்டருக்கு உம்மேல என்ன பகை?"

இசக்கிசெல்வி புருஷனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதிய?"

பேச்சிராஜ் தொண்டையைச் செருமினான். "அண்ணாச்சி நல்லதுக்குத்தான் சொல்லுதாவ செல்வி. கடிதாசியக் குடுத்துரு. பெருசாக்க வேண்டாம்."

இசக்கிசெல்வி அவன் படித்துக்கொண்டிருந்த காகிதத்தைக் கையிலிருந்தே உருவினாள். அதே பட்டியல்தான். "நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று இறங்கிவிட்டாள்.

குடோன் வாசலில் நின்று பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். குளியல் துண்டு. தேங்காய் எண்ணெய். சீயக்காய்த் தூள். சின்னச் சோப்பு. ஷாம்புச் சரம். ஆம்பிளை டிராயர், மூன்று அளவு. சீப்பு. தண்ணீர் படாமல் செல்போனைப் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் உறை. இரண்டாம் முறை படித்தாள். பிஸ்கட் இல்லை. தேயிலை இல்லை. அதிக விலைக்குப் போகிற முந்திரி, ஏலக்காய் ஒன்றுகூட இல்லை. ஏலக்காய்ப் பெட்டி கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

"திருடுதவன் அருவிக்குக் குளிக்கப் போறவன் மாதிரியா பாத்துப் பாத்து எடுத்துட்டுப் போவான்?" என்று வாய்விட்டே சொன்னாள்.

குறைந்தது அத்தனையும் குற்றாலத்துச் சரக்கு. அப்படியென்றால் பதிலும் குற்றாலத்தில்தான் இருக்க வேண்டும். வேன்காரர்கள் யாராவது கடை மாற்றி இறக்கினார்களோ, திரும்பி வந்த சரக்கு எங்காவது தேங்கிவிட்டதோ. சாவியைப் பில்லிங்கில் கொடுக்காமல் இடுப்பிலேயே செருகிக்கொண்டு, அடுத்த நடை வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. சாரல் விழுந்தபடி இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வழுக்கி வழுக்கி நடக்கிற ஆட்களை விலக்கிக்கொண்டு உலகம்மாள் கடைக்குப் போனாள். உலகம்மாள் இருபது சீசனாக அதே இடத்தில் துண்டும் எண்ணெயும் விற்பவள். குரல் அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்.

"என்னட்டி செல்வி, குளிக்க வந்தியா சண்டைக்கு வந்தியா? மூஞ்சியப் பாத்தா குளிக்க வந்தவ மாதிரித் தெரியலயே."

"உங்க பில்லெல்லாம் பாக்கணும்க்கா. சீசன் ஆரம்பிச்சதுல இருந்து."

"எதுக்கு? நான் உங்க கம்பெனிக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு எவனும் சொன்னானா?"

"என்னையத்தான் சொல்லுதாவ."

உலகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வாடிக்கையாளரிடம் "துண்டு வேணும்னா எடு, தடவிப் பாத்துக்கிட்டே நிக்காத" என்று அதட்டிவிட்டு, உள்ளே தொங்கிய கொக்கிக் கம்பியை அப்படியே கழற்றிக் கொடுத்தாள். பில்களெல்லாம் அதில் குத்தியிருந்தன.

செல்வி அவற்றைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். மேலே இருந்தவை புதிய சிஸ்டத்தின் பில்கள், பாதித்தாளில் கட்டம் போட்டு அச்சடித்தவை. அடியில் இரண்டு பில்கள் மட்டும் பழைய மாதிரி, இரு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளத்தாளில். ஒன்று திங்கட்கிழமை தேதியிட்டது, மற்றது செவ்வாய். துண்டு பதினாலு டஜன், துண்டு பதினொரு டஜன். புதுப் பில்கள் புதன்கிழமையிலிருந்து தொடங்குகின்றன.

அவள் கை நின்றது. திங்கள், செவ்வாய், புதன் என்று மெல்ல முணுமுணுத்தாள். அந்த வாரம் முழுக்க மனதில் ஓடியது.

புது சிஸ்டத்துக்காகச் சரக்கை எண்ணியது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அவளும் எட்டு லோடுமேன்களும் காலையிலிருந்து அந்தி வரைக்கும் எண்ணினார்கள். திங்கட்கிழமை காலை அந்தக் கணக்கைப் புது சிஸ்டத்தில் ஏற்றித் தொடங்குவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் திங்கள் அஷ்டமி, செவ்வாய் நவமி. புதுக் காரியத்தை அந்த நாட்களில் தொடங்க அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை தசமி, காலை ஒன்பதே காலுக்கு மேல் பத்தே காலுக்குள் நல்ல நேரம் என்று குறித்து வாங்கிவந்தார். சிஸ்டம் போட வந்த யஹ்யா என்ற பையன் தலையைச் சொறிந்துவிட்டுச் சரியென்றான்.

ஆனால் அருவிக்கு அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை. அந்த ஞாயிறு ராத்திரிதான் மலையில் மழை பிடித்து எல்லா அருவியிலும் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. திங்களும் செவ்வாயும் ஊருக்குள் போகிற வேன்களையும் நிறுத்தி ஆறு வேன்களையும் குற்றாலத்துக்கே அனுப்பினார்கள். பில் போட்டது பழைய கம்ப்யூட்டரில். அந்த இரண்டு நாள் போன சரக்கின் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு, செவ்வாய் சாயங்காலம் பேச்சிராஜ் கையில் அவளே கொடுத்தாள். "இதக் கழிச்சிட்டு ஏத்துங்க" என்றாள். மறுநாள் மதியம் "கழிச்சாச்சா?" என்றும் கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றான்.

செல்வி யஹ்யாவுக்குப் போன் போட்டாள். கடையநல்லூர்க்காரன், ஷார்ஜாவில் எட்டு வருஷம் குடோன் வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

"தம்பி, புதன்கிழமை நம்ம சிஸ்டம் ஆரம்பிச்சப்ப துண்டு எத்தனை டஜன்னு போட்டிருக்கு?"

"இருங்கக்கா. லேப்டாப் முன்னாடிதான் இருக்கேன்." விசைகளைத் தட்டும் சத்தம். "அறுநூத்தி நாப்பது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அறுநூத்தி நாப்பதுதான்க்கா. சிஸ்டம் தானா ஒண்ணும் சொல்லாது. நாம போட்டதைத்தான் திருப்பிச் சொல்லும்."

அறுநூற்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமை எண்ணி முடித்தபோது அவள் கையாலேயே எழுதிய எண். கடைசிக் கட்டைப் பிரித்து எண்ணியபோது ஒரு லோடுமேன் ஒவ்வொரு டஜனுக்கும் கொட்டாவி விட்டான், அதுகூட ஞாபகம் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே எண் எப்படி இருக்கும்? ஒரு துண்டுகூடக் கழிக்கப்படவில்லை. போய்விட்ட சரக்கை இருக்கிறதாகச் சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். அது இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருக்கிறது.

முதலில் நெஞ்சு லேசானது. அடுத்த நொடி எரிந்தது. 'ஆச்சு, ஆச்சு' என்றவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

கூட்டத்துக்கு நடுவே பேச்சிராஜ் வந்துகொண்டிருந்தான். அவள் வேனில் ஏறிப் போய்விட்டதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். தலை நனைந்து, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டியே. அண்ணாச்சி கேட்டாவ."

"அறுநூத்தி நாப்பது" என்றாள் அவள்.

"என்னது?"

"துண்டு. நான் சீட்டுக் குடுத்தனே, கழிச்சியளா?"

அருவிச் சத்தத்தில் காதில் விழாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். அவள் கிட்டே போய் இன்னும் சத்தமாகக் கேட்டாள். "கழிச்சியளா, இல்லியா?"

"அன்னைக்கி நெட்டு வரலட்டி" என்றான் அவனும் கத்தி. "சீட்ட எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒம்போதே காலுக்கு ஆரம்பிச்சது பத்து மணி வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அண்ணாச்சி பின்னாடி நின்னுக்கிட்டு, நேரம் போயிரும், நேரம் போயிரும்னு. முதல்ல இருக்கத ஏத்து, பிறகு கழின்னாவ. பத்து பத்துக்கு ஏறுச்சு. பிறகு பூசை, தேங்கா, பொங்கல். மத்தியானத்துல இருந்து ஆயிரம் பில்லு. மறந்துட்டேன்."

"மறந்தது சரி. எப்ப ஞாபகம் வந்துச்சு?"

அவன் உடம்போடு ஒட்டிய சட்டையை இழுத்துவிட்டான்.

"எப்ப வந்துச்சுன்னு கேக்கேன்."

"நேத்து. யஹ்யா லிஸ்ட் காட்டினப்ப. எல்லாம் அருவிச் சரக்கா இருந்துச்சா, உடனே புரிஞ்சிட்டு."

நேற்று. அதாவது ராத்திரி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் "கணக்கு சரியா வந்துச்சா?" என்று கேட்டபோது அவனுக்குத் தெரியும். "பெருசா ஒண்ணும் இல்ல" என்று புரண்டு படுத்தபோது தெரியும். காலையில் இட்லி தின்றபோது தெரியும். அவள் பெயரை எழுதி அறுபது பேருக்கு அனுப்பியபோதும் தெரியும்.

"தெரிஞ்சே போட்டியளா?"

"அண்ணாச்சி பக்கத்துல நின்னு போடச் சொன்னாவ. நான் என்ன செய்ய? கொஞ்சம் யோசிச்சுப் பாரு. உன்னைய பில்லிங்குக்குத்தான் மாத்துவாவ. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாவ. என் தப்புன்னு தெரிஞ்சா என்னைய அன்னைக்கே அனுப்பிருவாவ. ரெண்டுல எது வீட்டுக்கு நல்லது? வீட்டுக்காகத்தான் யோசிச்சேன்."

"வீடா?" என்றாள். "காலைல எட்டு லோடுமேன் எம்மூஞ்சியப் பாக்காமத் திரும்புனானே, அப்ப அந்த வீடு எங்க இருந்துச்சு? பதினோரு வருசமா அடுக்குல ஒரு சோப்பு கூடக் குறைஞ்சதில்ல. கல்யாணத்துக்கு முந்தி உங்க பில்லுல ஒரு டஜன் கூடிட்டுன்னு உங்ககிட்டயே சண்டைக்கு வந்தவ நான். அது தெரிஞ்சுதான கட்டுனிய? இன்னைக்கி உங்க தப்ப மறைக்க அந்தப் பேரத்தான் எடுத்துப் போர்த்திக்கிட்டிய."

ஒரு குடும்பம் துண்டு வாங்க வந்து, இவர்களைப் பார்த்து அடுத்த கடைக்குப் போயிற்று. "ஏட்டி, சண்டைய அந்தப் பக்கம் வச்சுக்கோங்க, ஏவாரம் கெடுது" என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டுப் பேச்சிராஜைப் பார்த்து, "ஆனா அவ சொல்லுததும் ஞாயந்தான் தம்பி" என்று சேர்த்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் செல்வி" என்றான் அவன்.

"வீட்டுல பேச ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலைல அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். எங்கிட்ட ஆதாரம் இருக்கு, சொல்லத் தெரியாம இல்ல. ஆனா நான் சொன்னா புருசனக் காட்டிக்குடுத்துத் தப்பிச்சவள்னு அதுக்கும் எம்பேர்தான் அடிபடும். நீங்க செஞ்சது, நீங்க சொல்லுங்க. சொல்லலன்னா சாவிய மேஜைல வச்சிட்டு, அங்கன இருந்தே புளியங்குடிக்குப் பஸ் ஏறிருவேன். எங்கம்மா வீட்டுல எனக்கு ஒரு தட்டுச் சோறு கிடைக்கும்."

அவனோடு பைக்கில் ஏறவில்லை. காலி வேனிலேயே திரும்பினாள். உலகம்மாளின் இரண்டு பழைய பில்களும் முந்தானையில் முடிந்திருந்தன.

வீட்டில் அன்று சாயங்காலம் பேச்சே இல்லை. அவன் இரண்டு முறை "செல்வி" என்றான். இரண்டு முறையும் அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், அவனுக்கும் மூடி வைத்தாள். பரிமாறவில்லை. ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவன் தானே கரண்டியைத் தேடினான். அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணாச்சி அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். யஹ்யாவையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் ஓரமாக லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"கடிதாசி கொண்டாந்தியாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"அவுக பேசுவாவ" என்றாள்.

பேச்சிராஜ் கையைப் பிசைந்தான். "அண்ணாச்சி, அது வந்து, சிஸ்டத்துல சின்னதா ஒரு டெக்னிக்கல் பிரச்சினை மாதிரி தெரியுது. ஆரம்ப ஸ்டாக்ல கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம்னு..."

யஹ்யா தலையை நிமிர்த்தினான். "சிஸ்டத்துல எந்தப் பிரச்சினையும் இல்லண்ணே."

செல்வி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினாள். பதினேழு சாவிகள். மேஜை மேல் வைத்தபோது கண்ணாடியில் கனமாகச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் சொல்லாமல் கதவை நோக்கி நடந்தாள். கைப்பிடியைத் தொட்டபோது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"என் தப்பு அண்ணாச்சி."

அவள் திரும்பவில்லை. ஆனால் போகவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை எண்ணின கணக்கத்தான் புதன்கிழமை ஏத்தினேன். நடுவுல ரெண்டு நாளு போன சரக்குக்கு இவ சீட்டுக் குடுத்தா. நான் கழிக்கல. குறையுதுன்னு சொல்லுத சரக்கு பூரா அந்த ரெண்டு நாள் பழைய பில்லுல இருக்கு. ராத்திரி எழுதிப் பாத்துட்டேன், துண்டு சரியா எரநூத்திப் பன்னெண்டு டஜன் வருது. ஒரு சீப்பு கூட காணாமப் போகல." மூச்சு வாங்கினான். "எனக்கு முந்தாநாளே தெரியும். தெரிஞ்சுதான் குரூப்ல போட்டேன்."

கீழே வேன் ஒன்று ஹாரன் அடித்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்டே அன்னைக்கே கழிக்கல?"

பேச்சிராஜ் தரையைப் பார்த்தான். பதில் எல்லாருக்கும் தெரியும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆளில்லை. செல்வி திரும்பினாள்.

"நேரம் போயிரும்னு நீங்கதான் அவசரப்படுத்துனிய அண்ணாச்சி."

"நல்ல நேரத்தக் குறை சொல்லாதம்மா." அவர் குரலில் சூடு ஏறியது. "எங்கப்பா காலத்துல இருந்து நேரம் பாக்காம இந்தக் கம்பெனில ஒரு செங்கல் வச்சதில்ல."

"நேரத்த நான் ஒண்ணும் சொல்லல. நல்ல நேரத்துல என்னத்த ஏத்தினோம்னு கேக்கேன். போயிட்ட சரக்க இருக்குன்னு ஏத்தினா, எந்த நேரத்துல ஏத்தினாலும் அது இல்லாத சரக்குதான. புதன்கிழமை ஏத்தணும்னா செவ்வாய்க்கிழமை ராத்திரி இன்னொருக்கா எண்ணச் சொல்லியிருந்தா எண்ணியிருப்பேன். அதச் சொல்ல உங்களுக்கும் தோணல, இவுகளுக்கும் தோணல. குறையுதுன்ன உடனே எம்பேரு மட்டும் தோணிட்டு."

அண்ணாச்சி சாவிக்கொத்தை அவள் பக்கமாகத் தள்ளினார். "சரி, கண்டுபிடிச்சாச்சுல்லா. எடுத்துக்கோ. கணக்கச் சரி பண்ணுங்க. நமக்குள்ள நடந்தது, இதோட விட்ருவோம்."

"நமக்குள்ள நடக்கல அண்ணாச்சி. அறுபது பேருக்குப் போயிருக்கு. வேன்காரன் கடைகடையாச் சொல்லியிருக்கான். அதே குரூப்ல நீங்க சொல்லுங்க, நான் சாவிய எடுக்கேன்."

"எனக்கு அதுல டைப் பண்ண வராதும்மா. பேச்சிராஜப் போடச் சொல்லுதேன்."

"அவுக போட்டது போதும். நீங்க பேசி அனுப்புங்க."

யஹ்யா மெதுவாக வந்து, அண்ணாச்சியின் போனில் எதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும் என்று காட்டினான். அண்ணாச்சி முதல்முறை பாதியில் விரலை எடுத்துவிட்டார். இரண்டாம் முறை இருமினார். மூன்றாம் முறை சொன்னார்: "எல்லாரும் கேளுங்க. நான் கணேசமூர்த்தி பேசுதேன். குடோன்ல சரக்கு ஒண்ணும் குறையல. இசக்கிசெல்வி மேல ஒரு தப்பும் கிடையாது. கணக்கு ஏத்தினதுல மாடில தப்பு நடந்துபோச்சு. நான் அவசரப்படுத்தினதும் அதுல உண்டு. நேத்துப் போட்டது தப்பு." விரலை எடுத்தார். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே குடோனில் ஒரு போனில் அந்தக் குரல் ஒலிக்கத் தொடங்கியது. பிறகு இன்னொன்றில், பிறகு பத்துப் போன்களில் முன்னும் பின்னுமாக. இசக்கிசெல்வி, இசக்கிசெல்வி என்று அவள் பெயர் அடுக்குகளுக்கு நடுவே மாறி மாறிக் கேட்டது. அவள் சாவியை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அண்ணாச்சி மேல் இருந்தது பாதி போயிருக்கலாம். மற்றது அப்படியே இருந்தது.

கணக்கைத் திருத்துவது எப்படி என்று யஹ்யா விளக்கினான். ஒருவரே திருத்திவிட முடியாது. பேச்சிராஜ் மாடியில் ஒவ்வொரு சரக்காகத் திருத்தம் போட்டு, எதனால் என்று காரணம் எழுத வேண்டும். அது குடோன் பொறுப்பாளரின் திரைக்கு வரும். அவள் பார்த்துச் சரியென்றால்தான் எண் மாறும்.

செல்வி கீழே தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் முதல் வரி வந்தது. குளியல் துண்டு, 212 டஜன். காரணம்: 'இதர'.

அவள் திருப்பி அனுப்பினாள்.

மறுபடி வந்தது. காரணம்: 'ஆரம்ப இருப்பில் தவறு'.

திருப்பி அனுப்பினாள். இந்த முறை குறிப்பு எழுதும் இடத்தில், 'யார் செய்த தவறு?' என்று தட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. லோடுமேன்களில் மூத்தவர் வந்து, கேட்காமலே ஒரு டீயை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். டீ குடித்து முடிக்கும்போது திரையில் வரி வந்தது. 'திங்கள், செவ்வாய் விற்பனையைக் கழிக்காமல் ஏற்றியது பேச்சிராஜ்.'

சரியென்று அழுத்தினாள். 212 மறைந்தது.

இரண்டாவது, எண்ணெய். காரணத்தில் 'மேற்படி' என்று மட்டும் போட்டிருந்தான். திருப்பி அனுப்பினாள். முழுதாக எழுதி வந்தது. மூன்றாவது, சீயக்காய்த் தூள். நான்காவது. ஒவ்வொன்றையும் பட்டியலில் விரல் வைத்துச் சரிபார்த்து, அந்த வாக்கியத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்து, அப்புறம்தான் அழுத்தினாள். ஆறாவது வரியில் பேச்சிராஜ் படியிறங்கி வந்து அவள் மேஜைக்கு முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க வீட்டில் பழைய பில்களைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்காமல் இல்லை.

"இன்னும் முப்பத்தேழு இருக்குட்டி" என்றான். "எல்லாத்தையும் மொத்தமா ஒரே தடவைல சரின்னு குடுக்க, வலது பக்கம் மேல ஒரு பட்டன் இருக்கு."

"தெரியும்" என்றாள் செல்வி.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஏழாவது வரியை எழுத மாடிக்கு ஏறிப் போனான்.